சோதனைக் குழாயில் பிழைத்தால் போதுமா?

யோகர்ட் என்று உலகம் முழுக்க விற்கப்படும் தயிர் வகையில் இரண்டு பாக்டீரியாக்கள் எப்போதும் ஜோடியாகவே வரும். ஒன்று ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ், இன்னொன்று லாக்டோபேசில்லஸ் பல்காரிகஸ். இவற்றைப் பித்தநீரில் இருக்கும் பித்த உப்பு கலந்த திரவத்தில் விட்டுப் பார்த்தால் பெரும்பாலும் தாக்குப்பிடிப்பதில்லை. குடலில் குடியேறுவதும் இல்லை. நொதித்த உணவிலிருந்து புரோபயாடிக், அதாவது உடல்நலப் பயன் தரும் உயிருள்ள நுண்ணுயிர், தேடும் ஒரு வழக்கமான ஆய்வில் இவை முதல் சுற்றிலேயே வெளியே போய்விடும்.

ஆனால் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் கதை வேறு. புரோபயாடிக் பெயரில் வந்த ஏராளமான உடல்நலக் கூற்றுகளைப் போதிய ஆதாரம் இல்லை என்று திருப்பி அனுப்பிய அமைப்பு அது. அதே அமைப்பு 2010இல் ஒரு கூற்றை ஏற்றுக்கொண்டது: பால் சர்க்கரையான லாக்டோஸ் செரிக்காதவர்களுக்கு யோகர்ட்டில் உள்ள உயிருள்ள பாக்டீரியாக்கள் உதவுகின்றன. ஒரு கிராமுக்குக் குறைந்தது 10 கோடி உயிருள்ள செல்கள் இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. அந்த பாக்டீரியாக்கள் எவை? முதல் சுற்றில் நாம் வெளியே தள்ளிய அதே இரண்டும்தான்.

இது எப்படி நடக்கிறது என்று பார்த்தால் இன்னும் சுவாரசியம். லாக்டோஸை உடைக்கும் நொதி இந்த பாக்டீரியாக்களின் செல்லுக்குள் இருக்கிறது. இரைப்பையைக் கடக்கும்வரை செல் சுவரும் தயிரின் கெட்டித்தன்மையும் அதைக் காக்கின்றன. சிறுகுடலை அடைந்ததும் பித்தநீர் பட்டு செல் சவ்வு ஓட்டையாகிறது, நொதி வெளியே வந்து லாக்டோஸை உடைக்கிறது. பாக்டீரியா அங்கே சிதைவதுதான் சாப்பிட்டவருக்குக் கிடைக்கும் பயன். பித்தநீரைத் தாங்கும் திறனை மட்டும் அளவுகோலாக வைத்திருந்தால், மிக வலுவான ஆதாரம் உள்ள இந்தப் பயனை நாம் தவறவிட்டிருப்போம்.

புளிக்கவைத்த காய்கறி, பாலாடைக்கட்டி, புளித்த மாவு, புளிக்கவைத்த இறைச்சி என்று ஒவ்வொன்றிலிருந்தும் லாக்டிக் அமில பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து, அதன் ‘புரோபயாடிக் திறனை’ மதிப்பிடும் ஆய்வுகள் வந்துகொண்டே இருக்கின்றன. அவற்றைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஜோடி நினைவுக்கு வரும். அந்த ஆய்வுகளில் என்ன செய்கிறார்கள், ஒவ்வொரு சோதனையும் உண்மையில் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று பார்க்கலாம்.

வரையறையும் பட்டியலும்

ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் 2001இல் அர்ஜென்டினாவின் கோர்டோபா நகரில் ஒரு நிபுணர் குழுவைக் கூட்டின. இன்று எல்லோரும் மேற்கோள் காட்டும் வரையறை அங்கே பிறந்தது: போதிய அளவில் எடுத்துக்கொள்ளும்போது, எடுத்துக்கொள்பவருக்கு உடல்நலப் பயன் தரும் உயிருள்ள நுண்ணுயிர்களே புரோபயாடிக். 2014இல் சர்வதேச அறிவியல் சங்கம் ஒன்று சிறிய இலக்கணத் திருத்தத்தோடு இதையே உறுதிசெய்தது.

இந்த ஒரு வரியில் மூன்று நிபந்தனைகள் இருக்கின்றன: உயிர், அளவு, பயன். அமிலத்தைத் தாங்க வேண்டும், பித்தநீரைத் தாங்க வேண்டும், குடல் சுவரில் ஒட்ட வேண்டும் என்று எதுவும் அதில் இல்லை. அப்படியானால் அந்தச் சோதனைப் பட்டியல் எங்கிருந்து வந்தது?

அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1905இல் ஸ்டாமென் கிரிகோரோவ் என்ற பல்கேரிய மாணவர் தயிரிலிருந்து ஒரு கோல் வடிவ பாக்டீரியாவை இனம் கண்டார். பாரிஸில் பாஸ்டர் நிறுவனத்தில் இருந்த எலீ மெச்னிகோவ், குடலில் அழுகலை உண்டாக்கும் நுண்ணுயிர்களை இந்த பாக்டீரியா அடக்கும், முதுமையைத் தள்ளிப்போடும் என்று நம்பி எழுதினார். 1920களில் நடந்த ஆய்வுகள் அந்த பாக்டீரியா குடலில் தங்குவதே இல்லை என்று காட்டின. உடனே கவனம் குடலில் தங்கக்கூடிய பாக்டீரியாவின் பக்கம் திரும்பியது. ஜப்பானில் மினோரு ஷிரோட்டா 1930இல் ஒன்றை வளர்த்தெடுத்தார். ஐந்து ஆண்டுகளில் அது யாகுல்ட் என்ற பானமாக விற்பனைக்கு வந்தது. 1983இல் அமெரிக்காவில் கோர்பாக், கோல்டின் என்ற இருவர் அமிலத்தையும் பித்தநீரையும் தாங்கி, குடல் செல்களில் ஒட்டும் பாக்டீரியாவைத் தேடி, ஆரோக்கியமான ஒருவரின் மலத்திலிருந்து ஒன்றைக் கண்டெடுத்தார்கள். அவர்களுடைய பெயர்களின் முதலெழுத்தைச் சேர்த்து அதற்கு லாக்டோபேசில்லஸ் ஜிஜி, சுருக்கமாக எல்ஜிஜி, என்ற பெயர் வந்தது. உலகில் மிக அதிகமாக ஆராயப்பட்ட புரோபயாடிக்குகளில் எல்ஜிஜி ஒன்று.

அந்த இருவரின் தேடலுக்கு அந்த அளவுகோல்கள் பொருத்தமானவை. 2002இல் கனடாவின் லண்டன் நகரில் கூடிய, வரையறை தந்த அதே இரண்டு அமைப்புகளின் குழுவும் இவற்றை முதற்கட்டச் சோதனைகளாகப் பரிந்துரைத்தது, இவை மட்டும் போதாது என்ற எச்சரிக்கையோடுதான். நாளடைவில் பட்டியல் நிலைத்தது, எச்சரிக்கை நழுவிவிட்டது.

தட்டிலிருந்து பெயர்வரை

வேலை தொடங்குவது எளிமையாகத்தான். ஒரு கிராம் உணவை 9 மில்லிலிட்டர் உப்புக் கரைசலில் கலக்க வேண்டும். அதிலிருந்து ஒரு மில்லி எடுத்து இன்னொரு 9 மில்லியில். இப்படி ஆறேழு முறை பத்துப் பத்தாக நீர்க்கச் செய்து, கடைசிச் சில குழாய்களிலிருந்து ஒரு சொட்டு எடுத்து எம்ஆர்எஸ் அகார் தட்டில் பரப்ப வேண்டும். 1960இல் டி மான், ரோகோசா, ஷார்ப் என்ற மூவர் உருவாக்கிய, பாக்டீரியாவை வளர்க்கும் ஊடகம் இது. இன்றும் லாக்டிக் அமில பாக்டீரியாவுக்கு இதுதான் முதல் தேர்வு. ஆக்சிஜன் குறைந்த சூழலில் 37 டிகிரியில் இரண்டு நாள் வைத்தால், குண்டூசித் தலை அளவில் பால் வெள்ளைப் புள்ளிகள் எழும்பியிருக்கும். ஊடகத்தில் சுண்ணாம்புப் பொடி கலந்திருந்தால் பார்க்க இன்னும் அழகாக இருக்கும். ஒவ்வொரு புள்ளியையும் சுற்றி, பாக்டீரியா விட்ட அமிலம் சுண்ணாம்பைக் கரைத்துத் தெளிந்த வளையம் போட்டிருக்கும். மூடியைத் திறந்தால் வரும் அந்த மெல்லிய புளிப்பு வாடையை ஒருமுறை முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

அப்புறம் வழக்கமான சோதனைகள். கிராம் சாயத்தில் ஊதா நிறம் ஏற வேண்டும். ஹைட்ரஜன் பெராக்சைடு சொட்டு விட்டால் நுரைக்கக் கூடாது. இவை குடும்பத்தை மட்டும் சொல்லும், ஆளைச் சொல்லாது. ஆளை அடையாளம் காண, எல்லா பாக்டீரியாவிலும் இருக்கும் 16எஸ் மரபணுவின் சுமார் 1500 எழுத்துகளைப் படிக்கிறார்கள்.

பல ஆய்வுகள் இங்கேதான் அவசரப்படுகின்றன. பிளான்டாரம், பென்டோசஸ், பாராபிளான்டாரம் ஆகிய மூன்று லாக்டோபேசில்லஸ் சிற்றினங்களின் 16எஸ் மரபணு 99 விழுக்காட்டுக்கும் மேல் ஒன்றுபோல இருக்கும். அதை மட்டும் படித்துவிட்டு “இது பிளான்டாரம்” என்று எழுதுவது, உறவினர்கள் மூவரைத் தூரத்தில் பார்த்து ஒருவரின் பெயரைச் சொல்வது மாதிரி. ரெக்ஏ போன்ற இன்னொரு மரபணுவையும் பார்த்தால்தான் பிரிக்க முடியும். முழு மரபணுத் தொகுதியையும் படிப்பது இப்போது எட்டக்கூடிய செலவில் வந்துவிட்டதால், அதைத் தவிர்க்க நல்ல காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

பெயரிலும் ஒரு சிக்கல் உண்டு. லாக்டோபேசில்லஸ் என்ற ஒரே பேரினத்தின் கீழ் இருந்த 261 சிற்றினங்களை 2020 ஏப்ரலில் 25 பேரினங்களாகப் பிரித்துவிட்டார்கள். பிளான்டாரம் இப்போது லாக்டிபிளான்டிபேசில்லஸ் பிளான்டாரம். ராம்னோசஸ் லாக்டிகேசிபேசில்லஸ் ஆயிற்று, ஃபெர்மென்டம் லிமோசிலாக்டோபேசில்லஸ் ஆயிற்று. பழைய பெயரில் தேடினால் பழைய ஆய்வுகள் மட்டும் கிடைக்கும், புதிய பெயரில் தேடினால் புதியவை மட்டும். இரண்டையும் தேட வேண்டும்.

சிற்றினத்தின் பெயர் தெரிந்தாலும் போதாது. அதற்கும் கீழே ஸ்ட்ரெய்ன் என்று ஒரு நிலை இருக்கிறது. ஒரே சிற்றினத்தின் தனித்தனி வம்சாவளிகள் என்று அதைப் புரிந்துகொள்ளலாம். இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதற்கு 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வு நல்ல சான்று. எல்ஜிஜியையும், அதே ராம்னோசஸ் சிற்றினத்தைச் சேர்ந்த, பால் பொருள்களில் பயன்படும் இன்னொரு ஸ்ட்ரெய்னையும் மரபணு அளவில் ஒப்பிட்டார்கள். எல்ஜிஜியின் உடலெங்கும் நூல் போன்ற இழைகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. குடலின் சளிப்படலத்தைப் பற்றிக்கொள்ள உதவுபவை அவை. மற்ற ஸ்ட்ரெய்னில் அந்த இழைகளுக்கான மரபணுக்களே இல்லை. பெயர் ஒன்றுதான், ஆனால் ஒன்று நன்றாக ஒட்டும், மற்றது அந்த அளவுக்கு ஒட்டாது. ‘ராம்னோசஸ் குடலுக்கு நல்லது’ என்று பொதுவாகச் சொல்வது ஏன் பிழை என்பது இதிலிருந்தே விளங்கும்.

அமிலம், பித்தநீர், ஒரு கணக்கு

முதற்கட்டச் சோதனைகளில் முதலாவது அமிலம். பிஹெச் (எண் குறையக் குறைய அமிலம் கூடுதல்) 2 அல்லது 3 அளவுக்கு அமிலம் சேர்த்த திரவத்தில் பாக்டீரியாவை இரண்டு மூன்று மணி நேரம் வைத்து, முன்னும் பின்னும் எண்ணுகிறார்கள். அடுத்தது 0.3 விழுக்காடு மாட்டுப் பித்த உப்பு. இந்த அளவு மனிதச் சிறுகுடலின் சராசரிக்கு நெருக்கமானது என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

முடிவுகளை எழுதும் விதத்தில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. புதிதாகப் படிப்பவர்களை இது நிச்சயம் ஏமாற்றும் என்பதால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். பாக்டீரியா எண்ணிக்கையை லாக் அளவில், அதாவது 10இன் எத்தனையாவது அடுக்கு என்று, எழுதுவது வழக்கம். 10 கோடி என்றால் 8 லாக். அமிலத்தில் வைத்த பிறகு 6.4 லாக் மிஞ்சியது என்று வையுங்கள். சில ஆய்வுகள் 6.4ஐ 8ஆல் வகுத்து, ‘பிழைப்பு விகிதம் 80 விழுக்காடு’ என்று எழுதும். படிப்பவர் நூற்றுக்கு எண்பது பிழைத்ததாக நினைப்பார். உண்மையில் 6.4 லாக் என்பது சுமார் 25 லட்சம். 10 கோடியில் 25 லட்சம் என்றால் 2.5 விழுக்காடு. நூற்றில் தொண்ணூற்றேழுக்கும் மேல் செத்துவிட்டன. அட்டவணையில் 80 என்ற எண்ணைப் பார்த்தால், அதற்குக் கீழே சூத்திரம் என்ன என்று பாருங்கள். அந்த ஒரு வரி முழு ஆய்வையும் வேறு விதமாகப் படிக்கவைக்கும்.

இன்னொரு பிரச்சினை, சோதனையே இரைப்பையைப் போல இல்லாதது. வெறும் வயிற்றில் பிஹெச் 1.5 முதல் 2 வரை இருக்கும். உணவு உள்ளே போனதும் அது 4, 5 என்று ஏறி, பிறகு மெல்ல இறங்கும். உணவோடு சேர்ந்து போகும் பாக்டீரியாவுக்குப் பால் புரதமும் கொழுப்பும் ஒரு கேடயம். எதுவும் இல்லாத அமிலக் கரைசலில் மூன்று மணி நேரம் நிறுத்திவைப்பது அளவுக்கு மீறிய கடுமை. அதேசமயம் பல ஆய்வுகள் அதில் பெப்சின் நொதியைச் சேர்ப்பதே இல்லை, அந்த வகையில் அது அளவுக்கு மீறிய தளர்வு. 2014இல் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து இன்ஃபோஜெஸ்ட் என்ற பொதுவான செரிமான மாதிரியை வகுத்தார்கள், 2019இல் அதைத் திருத்தினார்கள். வாய், இரைப்பை, சிறுகுடல் என மூன்று கட்டங்கள். இரைப்பைக் கட்டத்தில் உணவோடு சேர்த்து பிஹெச் 3இல் இரண்டு மணி நேரம், அடுத்து பித்த உப்பும் கணைய நொதிகளும் சேர்த்து பிஹெச் 7இல் இரண்டு மணி நேரம். முதலில் அமிலத்தில் அடிபட்ட அதே செல்களே அடுத்து பித்தநீரைச் சந்திக்கின்றன என்பது இதன் பெரிய பலம். தனித்தனிக் குழாய்களில் தனித்தனியாகச் சோதிக்கும்போது தெரியாத பலவீனங்கள் இந்தத் தொடர் சோதனையில் வெளியே வந்துவிடும்.

ஒட்டும் திறனை அளக்கும் மலிவான வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பாக்டீரியா கலந்த நீரோடு சைலீன் போன்ற எண்ணெய்த் தன்மையுள்ள திரவத்தைக் குலுக்கி, எவ்வளவு பாக்டீரியா அந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பது ஒன்று. குழாயை அசைக்காமல் வைத்து, பாக்டீரியாக்கள் தங்களுக்குள் ஒட்டிக்கொண்டு அடியில் படிகின்றனவா என்று பார்ப்பது மற்றொன்று. செல்லின் மேற்பரப்பைப் பற்றிய குறிப்பு கிடைக்கும், அவ்வளவுதான். காகோ-2 என்ற, பெருங்குடல் புற்றிலிருந்து வளர்த்தெடுத்த மனித செல்களின் மேல் ஒட்டவைத்துப் பார்ப்பது ஒரு படி மேல். ஆனால் காகோ-2 செல்கள் சளி சுரப்பதில்லை. உயிருள்ள குடலில் பாக்டீரியா முதலில் தொடுவது சளியைத்தான்.

வளையம் எதனால் வந்தது

நோய்க்கிருமிகளை எதிர்க்கும் திறன் என்ற சோதனை படத்தில் அழகாக விழும். ஈ.கோலை போன்ற கிருமியைத் தட்டு முழுக்கப் பரப்பி, நடுவே சிறு குழி வெட்டி, நம் பாக்டீரியா வளர்ந்த திரவத்தை அதில் ஊற்றி ஒரு இரவு வைத்தால், குழியைச் சுற்றி கிருமி வளராத தெளிவான வளையம் தெரியும். வளையம் 15 மில்லிமீட்டர், 18 மில்லிமீட்டர் என்று அட்டவணை போடலாம்.

கேள்வி என்னவென்றால், கிருமியைத் தடுத்தது எது? லாக்டிக் அமில பாக்டீரியா வளர்ந்த திரவத்தின் பிஹெச் 4க்கு அருகில் இருக்கும். அந்தப் புளிப்பே பல கிருமிகளை நிறுத்திவிடும். ஊறுகாய் கெடாமல் இருப்பதும் பெருமளவு இதனால்தான். திரவத்தைக் காரம் சேர்த்து பிஹெச் 6.5க்குக் கொண்டுவந்து, ஹைட்ரஜன் பெராக்சைடை உடைக்கும் நொதியையும் சேர்த்த பிறகு மறுபடி ஊற்றிப் பார்க்க வேண்டும். வளையம் அப்போதும் நின்றால், புரதத்தை உடைக்கும் நொதி சேர்த்து இன்னொரு முறை. இப்போது வளையம் மறைந்தால், அங்கே பாக்டீரியோசின் என்ற புரத வகை ஆயுதம் இருக்கிறது என்று சொல்லலாம். 1928இல் கண்டறியப்பட்ட, இன்றும் உணவுப் பாதுகாப்புப் பொருளாகப் பயன்படும் நைசின் அந்த வகையைச் சேர்ந்தது.

நைசின் போன்ற பாக்டீரியோசின்கள் லிஸ்டீரியா மாதிரியான, கிராம் சாயத்தில் ஊதாவாகும் கிராம் பாசிட்டிவ் கிருமிகளிடம் நன்றாக வேலை செய்யும். ஈ.கோலை, சால்மொனெல்லா போன்றவற்றுக்கு வெளியே கூடுதலாக ஒரு சவ்வு இருப்பதால் சாதாரணமாக உள்ளே நுழைய முடியாது. எனவே ஈ.கோலைக்கு எதிரான பெரிய வளையத்தைப் பார்த்தால், முதலில் அமிலத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். உணவைப் பாதுகாக்க அந்த அமிலம் மிக நல்லது. குடலுக்குள் அதே அளவு அமிலம் சேராது. அங்கே அது நீர்த்துப்போகும், உறிஞ்சப்படும்.

கொழுப்பைக் குறைக்கும் என்ற சோதனையிலும் இதே மாதிரி ஒரு பொறி இருக்கிறது. பித்த உப்பும் கொலஸ்டிராலும் கலந்த திரவத்தில் பாக்டீரியாவை வளர்த்து, கடைசியில் திரவத்தில் கொலஸ்டிரால் குறைந்திருந்தால் ‘பாக்டீரியா உறிஞ்சிவிட்டது’ என்று முடிவுகட்டுவார்கள். பாக்டீரியா பித்த உப்பை உடைப்பதாலும் அமிலம் சேர்வதாலும் பித்த அமிலம் அடியில் படியும், கூடவே கொலஸ்டிராலையும் இழுத்துக்கொண்டு போகும் என்று 1993லேயே காட்டிவிட்டார்கள். பிஹெச்சை 6இல் நிலையாக வைத்தபோது அந்த நீக்கம் நடக்கவில்லை. பித்த உப்பை உடைக்கும் நொதி உடலுக்குள் கொலஸ்டிராலைக் குறைக்க வாய்ப்பு இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதை அந்தக் குழாய் நிரூபிக்காது.

பாதுகாப்பை ஏன் கடைசியில் வைக்கிறார்கள்

எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் இடம் இது. பெரும்பாலான ஆய்வுகளில் பாதுகாப்பு என்பது கடைசி இரண்டு பத்திகள். ரத்த அகார் தட்டில் சிவப்பணுக்களை உடைக்கவில்லை, ஜெலட்டினைக் கரைக்கவில்லை, தட்டில் வைத்த ஏழெட்டு ஆன்டிபயாடிக் ஊறிய வில்லைகளில் பெரும்பாலானவற்றுக்குக் கட்டுப்பட்டது. எனவே பாதுகாப்பானது. முடிந்தது. என்னைக் கேட்டால் இதைத்தான் முதலில் செய்ய வேண்டும். தேறாததை அப்போதே விட்டுவிட்டால் மற்ற எல்லாச் சோதனைகளின் உழைப்பும் மிச்சம்.

ஆன்டிபயாடிக் விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். பல லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் வான்கோமைசினுக்குக் கட்டுப்படாது. கேட்டதும் பயம் வரும். ஆனால் காரணம் சாதாரணமானது. வான்கோமைசின் பாக்டீரியாவின் செல் சுவரில் இரண்டு அலனின்கள் அடுத்தடுத்து முடியும் இடத்தைப் பிடித்துக்கொண்டு வேலை செய்கிறது. பிளான்டாரம், ராம்னோசஸ் போன்றவை பிறவியிலேயே கடைசி அலனினுக்குப் பதில் லாக்டேட்டை வைத்துச் சுவரைக் கட்டுகின்றன. மருந்துக்குப் பிடிமானம் கிடைப்பதில்லை. இது மற்ற பாக்டீரியாக்களுக்குத் தாவும் எதிர்ப்பு அல்ல.

டெட்ராசைக்ளினுக்கோ எரித்ரோமைசினுக்கோ எதிர்ப்பு இருந்தால் கதை வேறு. டெட்-எம், எர்ம்-பி போன்ற மரபணுக்கள் பிளாஸ்மிட் என்ற சிறு டிஎன்ஏ வளையங்களிலோ, இடம்விட்டு இடம் தாவும் துண்டுகளிலோ உட்கார்ந்திருக்கும். கோடிக்கணக்கான செல்களை ஒருவர் தினமும் விழுங்கும்போது, அந்த மரபணு அவர் குடலில் உள்ள நோய்க்கிருமி ஒன்றிடம் போய்ச் சேர வாய்ப்பு உண்டு. இந்த இரண்டு வகை எதிர்ப்பையும் வில்லைச் சோதனையால் பிரிக்க முடியாது. தட்டில் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். மரபணுத் தொகுதியைப் படித்து, எதிர்ப்பு மரபணு எங்கே இருக்கிறது, பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்தால்தான் தெரியும். ஒவ்வொரு சிற்றினத்துக்கும் எந்த ஆன்டிபயாடிக் எந்த அளவைத் தாண்டினால் கவலைப்பட வேண்டும் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வரம்புகளை வெளியிட்டிருக்கிறது. வில்லையைச் சுற்றிய வளையத்தை விட்டுவிட்டு, அந்த வரம்போடு ஒப்பிடக்கூடிய செறிவை அளப்பதே சரியான முறை.

நொதித்த உணவில் என்டெரோகாக்கஸ் அடிக்கடி கிடைக்கும். அமிலம், உப்பு, பித்தநீர் எல்லாவற்றையும் தாங்கும், எல்லாச் சோதனையிலும் முதல் மதிப்பெண் வாங்கும். மருத்துவமனைத் தொற்றுகளுக்குக் காரணமான ஸ்ட்ரெய்ன்களும் அதே பேரினத்தில் இருக்கின்றன. பாதுகாப்பான நுண்ணுயிர்கள் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2007 முதல் பராமரிக்கும் பட்டியலில் இந்தப் பேரினத்துக்கு இடம் கொடுக்கவில்லை. பிழைக்கும் திறனை மட்டும் தேடினால் யார் முதலில் வந்து நிற்பார்கள் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

ஹிஸ்டமின், டைரமின் போன்ற அமீன்களை உண்டாக்குகிறதா என்றும் பார்க்க வேண்டும். தலைவலி, தோல் தடிப்பு, ரத்த அழுத்த ஏற்றம் என்று சிலருக்கு இவை சிரமம் தரும். உணவைப் புளிக்கவைக்கும் தொடக்க வளர்ப்பாகச் சேர்க்க நினைக்கும் பாக்டீரியாவுக்கு இது கட்டாயம்.

மனிதரிடம் வந்தபோது

மனித ஆய்வுகள் இதுவரை சொன்னது ஒரே திசையில் இல்லை. அதனால்தான் அவை முக்கியம்.

ஒடிசாவில் நடந்த ஓர் ஆய்வு 2017இல் வெளியானது. கிராமப்புறங்களில் பிறந்த 4,556 பச்சிளங்குழந்தைகளில் ஒரு பகுதிக்குப் பிளான்டாரத்தின் ஒரு குறிப்பிட்ட ஸ்ட்ரெய்னும் அதற்கு உணவாகும் ஃப்ரக்டோ-ஒலிகோசாக்கரைடும் ஏழு நாள் வாய்வழி கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு வெற்று மருந்து. 60 நாளில் ரத்தத் தொற்று அல்லது மரணம் வெற்று மருந்துக் குழுவில் 9 விழுக்காடு, மற்றதில் 5.4. எத்தனை குடும்பங்கள் என்று நினைத்துப் பார்த்தால் அந்த இடைவெளியின் கனம் தெரியும்.

அடுத்த ஆண்டே, வயிற்றுப்போக்கோடு அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்த குழந்தைகளிடம் இரண்டு பெரிய ஆய்வுகள் நடந்த முடிவுகள் வந்தன. அமெரிக்காவில் 971 குழந்தைகள், எல்ஜிஜி. கனடாவில் 886 குழந்தைகள், வேறு இரண்டு ஸ்ட்ரெய்ன்களின் கலவை. இரண்டிலுமே வெற்று மருந்தைவிடப் பயன் எதுவும் தெரியவில்லை. பல ஆண்டுகளாக நல்ல பெயர் வாங்கிய எல்ஜிஜியே அங்கே உதவவில்லை.

2008இல் நெதர்லாந்திலிருந்து வந்த முடிவு இன்னும் கடுமையானது. கணையத்தில் தீவிர அழற்சி உள்ள 296 நோயாளிகளில் பாதிப்பேருக்கு ஆறு ஸ்ட்ரெய்ன்கள் சேர்ந்த கலவையைக் குழாய்வழி கொடுத்தார்கள். புரோபயாடிக் பெற்றவர்களில் 16 விழுக்காட்டினர் இறந்தார்கள், பெறாதவர்களில் 6 விழுக்காட்டினர். குழாய்ச் சோதனைகளில் எந்த நோயாளியும் இல்லை. கணையமோ, ரத்த ஓட்டம் குன்றிய குடலோ அந்தக் குழாயில் இல்லை. 2023இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமும் குறைமாதக் குழந்தைகளுக்கு மருத்துவமனையில் புரோபயாடிக் கொடுப்பதைப் பற்றி எச்சரித்தது. எந்த ஸ்ட்ரெய்ன், யாருக்கு, எந்த நோய்க்கு, எவ்வளவு என்ற நான்கையும் சேர்த்துக் கேட்காத வரை ‘புரோபயாடிக் நல்லதா’ என்ற கேள்விக்குப் பதில் கிடையாது.

சரி, அப்படியானால் நொதித்த உணவில் பயன் இல்லையா? அப்படிச் சொல்ல முடியாது. 2021இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 36 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு நார்ச்சத்து மிகுந்த உணவும் மறு பாதிக்கு நொதித்த உணவும் பத்து வாரம் கொடுத்தார்கள். நொதித்த உணவு சாப்பிட்டவர்களின் குடலில் நுண்ணுயிர்களின் பல்வகைமை கூடியது, ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் 19 புரதங்கள் குறைந்தன. சிறிய ஆய்வுதான், ஆனால் கவனிக்க வேண்டிய ஒன்று. குடலில் புதிதாகத் தெரிந்த நுண்ணுயிர்களில் பெரும்பாலானவை சாப்பிட்ட உணவிலிருந்து வந்தவை அல்ல.

நொதித்த உணவு வேறு, புரோபயாடிக் வேறு என்று அதே 2021இல், முன்பு வரையறையை உறுதிசெய்த அந்தச் சர்வதேச அறிவியல் சங்கம் தெளிவாக எழுதியது. சுட்டு எடுத்தாலும் வடிகட்டினாலும் அது நொதித்த உணவுதான், உயிருள்ள பாக்டீரியா அதில் இல்லாவிட்டாலும். பாக்டீரியா பாலையும் காயையும் மாவையும் முன்கூட்டியே பாதி செரித்து வைக்கிறது. சில ஸ்ட்ரெய்ன்கள் ஃபோலேட், ரைபோஃபிளேவின் போன்ற வைட்டமின்களைச் சேர்க்கின்றன. தானியத்தில் இரும்பையும் துத்தநாகத்தையும் பிடித்துவைத்திருக்கும் ஃபைட்டேட் குறைகிறது. இந்த வேலைகள் எல்லாம் ஜாடிக்குள்ளேயே முடிந்துவிடுகின்றன. பித்தநீரைத் தாங்கினாலும் தாங்காவிட்டாலும் இதற்கு ஒன்றுமில்லை.

ஆய்வகங்களின் மைனஸ் 80 டிகிரி உறைபெட்டியில், கிளிசரால் கலந்த சிறு குப்பிகளில், நொதித்த உணவுகளிலிருந்து எடுத்த நூற்றுக்கணக்கான பாக்டீரியாக்கள் தூங்கிக்கொண்டிருக்கும். பித்தநீர்ச் சோதனையில் தோற்றவற்றின் குப்பிகளில் கறுப்பு மையால் ஒரு பெருக்கல் குறி போட்டு அடித்தட்டில் தள்ளிவைப்பது என் பழக்கமாக இருந்தது. இப்போது அவற்றைத்தான் முதலில் எடுக்கிறேன். எந்த நொதி உள்ளே இருக்கிறது, பித்தநீர் பட்டதும் அது வெளியே வருகிறதா, வந்தால் எதை உடைக்கிறது என்று பார்க்க வேண்டும்.